கமலாவதியின் மூவாயிரம் சொற்கள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழக வளாகத்து இரசாயன ஆய்வுகூடத்தில் கமலாவதி நாளுக்கு நாற்பது சோதனைக் குழாய் கழுவுவாள். ஒவ்வொரு குழாய்க்கும் ஓர் ஆங்கிலச் சொல். பத்துப் புதியது, முப்பது பழையது. சொல்லையும் பொருளையும் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுக் குழாயைக் கவிழ்த்து வைப்பாள். பொருள் நினைவுக்கு வராவிட்டால் அந்தக் குழாய்க்கு இன்னொரு குளிப்பு. 1993ஆம் ஆண்டு அந்த ஆய்வுகூடத்தில் இருந்த அளவுக்குச் சுத்தமான குழாய்கள் இலங்கையிலேயே வேறெங்கும் இருந்திருக்காது.

அவளுக்கு அப்போது முப்பது வயது. பட்டம் எடுத்திருந்தும் உதவியாளர் வேலைதான் கிடைத்தது. அமெரிக்கா போய்விட்ட தோழி பராசக்தி மூவாயிரம் ஆங்கிலச் சொல் கொண்ட ஒரு தடித்த புத்தகத்தை விட்டுப் போயிருந்தாள். அங்கே ஒரு பல்கலைக்கழகம் கமலாவதிக்கு இடம் தருவதாக எழுதியும் இருந்தது. ஆனால் ஜீ.ஆர்.ஈ. என்ற நுழைவுப் பரீட்சையில் நல்ல புள்ளி வேண்டும். பரீட்சை கொழும்பில், ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை. தவறவிட்டால் இடம் வேறொருவருக்கு.

இரசாயனம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. சொற்கள்தான் உயிரை எடுத்தன. யாழ்ப்பாணத்தில் ஒரு பிராணியும் வாயில் எடுக்காத சொற்கள். மனத்தில் நிற்பதற்காக அவற்றைத் தெரிந்த ஆட்கள்மீது ஒட்டிவைத்தாள். அண்ணன் சிவசுப்பிரமணியத்துக்குக் கிடைத்தது ‘கரூலஸ்’. ஓயாமல் கதை அலட்டுகிறவன் என்று பொருள். பாவம், அந்த மனிதர் அதை ஏதோ பட்டம் என்று நினைத்துத் தோட்டத்தில் நாலு பேருக்குச் சொல்லியும் விட்டார்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிப்பு இல்லாதது பாஸ்.

யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வெளியே போவதென்றால், அப்போது அங்கே ஆட்சி நடத்திய போராளி இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். திரும்பி வருவாள் என்று வீட்டார் ஒருவர் பிணைக் கையெழுத்துப் போட வேண்டும். வெளிநாட்டுப் படிப்பு என்று சொன்ன இளம் வயதினரின் பெயரைத் தனியாக ஒரு கொப்பியில் எழுதுகிறார்களாம் என்று ஊரில் கதை. அந்தக் கொப்பியை யாரும் கண்டதில்லை. ஆனால் அதைப் பற்றிக் கதைக்கும்போது எல்லோருடைய குரலும் தானாகவே இறங்கியது.

கமலாவதி கண் வருத்தம் என்று சொல்லத் தீர்மானித்தாள். தெரிந்த டாக்குத்தர் ஒருவர், கொழும்பில் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். செப்டெம்பர் முடிவில் ஒரு காலை, கறுப்புக் கண்ணாடியும் போட்டு, அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு பாஸ் கந்தோருக்குப் போனாள். வழியில் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. கரூலஸ் மனிதர் வாயை மூடியது அவளைப் பயமுறுத்தியது.

மேசைக்குப் பின்னால் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன். மரியாதையானவன். டாக்குத்தரின் கடிதத்தைப் படித்தான். சிவசுப்பிரமணியத்திடம் பிணைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினான். “கொஞ்சம் இருங்கோ அக்கா, முத்திரை வந்தவுடனை தாறன்” என்றான். கமலாவதிக்குப் பாரம் இறங்கியது. வாங்கில் போய் உட்கார்ந்தாள்.

அடுத்து வந்தவர் குருநகர் நீக்கிலாப்பிள்ளை. கனடாவில் இருக்கும் மகன் கூப்பிட்ட கிழவர். கையில் தூதரகத்தின் ஆங்கிலக் கடிதம். பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இதிலை உங்களை வேண்டாமெண்டெல்லோ எழுதியிருக்கு ஐயா. பிறகென்னத்துக்குப் பாஸ்?”

“இல்லைத் தம்பி, மகன் எல்லாம் சரியெண்டு சொன்னவன்...” கிழவருக்குக் குரல் உடைந்தது. “ஆரெண்டாலும் ஒருக்கால் வடிவாய் வாசிச்சுச் சொல்லுங்கோவன்!”

கடிதத்தோடு வந்து கேட்பவரிடம் படித்தவர் முடியாது என்று சொல்வது நம் ஊரில் வழக்கமில்லை. கமலாவதி எழுந்தாள். இரக்கம் பாதி. மறைப்பானேன், மற்றப் பாதி அகங்காரம். மூவாயிரம் சொல்லை நெஞ்சுக்குள் அடைத்து வைத்துக்கொண்டு, குழாய்களைத் தவிர வேறு எவருக்கும் சொல்லிக் காட்ட முடியாமல் ஒரு வருடம் இருந்தவள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“மறுக்கேல்லை ஐயா. வைத்தியப் பரிசோதனைக்கு இந்த மாதம் முப்பதுக்கிடையிலை வரச் சொல்லியிருக்கு. வராட்டித்தான் உங்கடை விண்ணப்பக் கோவையை மூடுவினமாம்.” பிறகு கடைசிப் பந்தியின் சட்ட வாசகத்தையும் தடங்கலில்லாமல் தமிழில் சொன்னாள்.

சிவசுப்பிரமணியம் கண்ணை மூடிக்கொண்டார்.

கிழவருக்குப் பாஸ் கிடைத்தது. அவளைக் கும்பிட்டுவிட்டுப் போனார். பையன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

“வடிவாய் வாசிக்கிறியள் அக்கா. கண்ணும் சுகம் போலை.”

கமலாவதி கறுப்புக் கண்ணாடியைத் திரும்பவும் மாட்டிக்கொண்டாள்.

“எங்களிட்டை இங்கிலீசுப் பேப்பரும் புத்தகமும் குவிஞ்சு கிடக்கு. மொழிபெயர்க்க ஆளில்லை. பாஸைப் பிறகு பாப்பம், நாளைக்குக் காலமை வாங்கோ.”

“தம்பி, எனக்கு வளாகத்திலை வேலை...”

“அவையளோடை நாங்கள் கதைக்கிறம்.” பிணைப் பத்திரத்தை எடுத்து மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்தான். “அண்ணை கையெழுத்துப் போட்டிருக்கிறார்தானே.”

வீடு வரும் வரை அண்ணன் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார். வீட்டு வாசல் படலையடியில்தான் வாய் திறந்தார். “நீ போகாட்டி என்னைத்தான் கேப்பினம், பிள்ளை.” அதில் கோபமில்லை. பயம் மட்டும் இருந்தது. மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். அவளால் என்ன சொல்ல முடியும்?

மறுநாளிலிருந்து அவள் போனாள். ஆட்கள் விட்டுப்போன ஒரு பெரிய வீடு. யன்னல்கள் சாத்தியிருக்கும். தேத்தண்ணி நேரத்துக்கு வரும். எவரும் அவளை அதட்டவில்லை. மொழிபெயர்த்ததைக் கொண்டு போகிறவர்கள் அது எதற்கென்று சொல்லவில்லை, அவள் கேட்கவுமில்லை. ஒரு கட்டுரையில் தென்னிலங்கைப் பாலங்களின் நீள அகலம் இருந்தது. அன்று அவளால் சோறு தின்ன முடியவில்லை.

ஒக்டோபரில் அந்தச் சனிக்கிழமையும் வந்தது. கொழும்பு மண்டபத்தில் வினாத்தாளை விரிக்கும் நேரம். இங்கே அந்தப் பெரிய வீட்டில் அவள் முன்னால் வெளிநாட்டு இராணுவச் சஞ்சிகை ஒன்றை வைத்தான் பையன். வெடிமருந்து பற்றி நாற்பது பக்கம். “இது கொஞ்சம் கஷ்டமாம் அக்கா. விளங்காட்டிச் சொல்லுங்கோ, வேறை ஆளைப் பாப்பம்.”

கமலாவதி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். விளங்கவில்லை என்று பொய் சொல்லிப் பிடிபட்டால் அண்ணனைத்தான் கேட்பார்கள். உண்மையாகவே சொல்லித் தள்ளிவைக்க, தெரியாத ஒரு சொல் போதும். விரலை வைத்து வரிவரியாகத் தேடினாள். பத்தாம் பக்கம், இருபதாம் பக்கம், கடைசிப் பக்கம். எல்லாச் சொல்லும் அவளுக்குத் தெரிந்திருந்தது.