சத்தமில்லாத சாமிக்கு எலுமிச்சம்பழம்

மின்சார ஸ்கூட்டர் வீட்டுக்கு வந்த அன்றைக்கே நான் அதற்கென்று ஒரு மதத்தைத் தொடங்கிவிட்டேன். பேட்டரிதான் சாமி. வாசல் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட் கர்ப்பக்கிருகம். குருநாதர் வேறு யார், நான்தான். பக்தை ஒரே ஒருத்தி, அம்மா.

அம்மாவுக்கு அலங்காநல்லூரில் வேலை. பஸ்ஸில் நின்றே போய்வந்து சலித்து, ஐம்பது வயதுக்குமேல் வண்டி பழகியிருந்தாள். அப்பா அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தார். "வண்டியில ஒரு கீறல் விழுந்தாலும் மறுநாளே வித்துருவேன். அப்பறம் பஸ்தான்." அதனால் என் உபதேசங்களை அம்மா கைகட்டாத குறையாகக் கேட்டாள்.

"ஹெல்மெட் போடாத தலை, சிதறுகாய்க்கு நேர்ந்துவிட்ட தேங்காய். ஈரக் கையோடு கர்ப்பக்கிருகத்தைத் தொடாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, மௌனத்தை மரணமென்று எண்ணாதே. திரையில் பச்சை எரிந்தால் சாமி விழித்திருக்கிறது. முறுக்கினால் ஓடிவிடும்."

அப்பா ஓரமாக உட்கார்ந்து சிரித்தார். "வண்டின்னா ஒரு உறுமல் வேணும்டா. இது என்னமோ மௌன விரதம் இருக்கு."

வெள்ளிக்கிழமை காலை தெருமுனைக் கோயிலில் வண்டிக்குப் பூசை. பூசாரி மாலை போட்டு, முன்சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, "ஏத்துங்கம்மா" என்றார். அம்மா சாவியைத் திருகினாள். பச்சை எரிந்தது. அதற்குள் அப்பா வந்து, "எறங்கு, மொதப் பழத்த நான் ஏத்துறேன்" என்று ஏறி உட்கார்ந்தார்.

"முறுக்கிராதீங்க, உசுரோட இருக்கு" என்றாள் அம்மா.

"எங்க உசுரு? மூச்சையே காணோம்."

அப்பாவுக்கு ஆயுள் முழுக்கப் பெட்ரோல் வண்டிப் பழக்கம். கிளம்புமுன் நின்ற இடத்திலேயே நன்றாக முறுக்கி, தெருவுக்கே கேட்கும்படி உறும விடுவார். அதே முறுக்கை இங்கேயும் போட்டார். வண்டி பழத்தை நசுக்கியது, தட்டோடு நின்ற பூசாரியைத் தாண்டியது, காவிப் பட்டை அடித்த கோயில் சுவரில் உரசி நின்றது. அப்பாவுக்கு ஒன்றுமில்லை. வண்டியின் நெற்றியில் மட்டும் காவி நிறத்தில் நீளமாக ஒரு கீறல், நாமம் சாத்தியதுபோல.

"அண்ணே, பழத்து மேலதான் ஏத்தச் சொன்னேன்" என்றார் பூசாரி.

அம்மா கீறலை விரலால் தடவிப் பார்த்தாள். "கீறல் விழுந்தா வித்துருவேன்னீங்கள்ல. இப்ப யார விக்கிறது?"

அப்பா சுவரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "கடையில இருந்து வரும்போதே இருந்திருக்கும்."

அம்மா கையை நீட்டினாள். சாவி வந்தது. தன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். அப்பா அவசரமாகப் பின்சீட்டில் ஏறப் போனார். அவரை நிறுத்தி இன்னொரு ஹெல்மெட்டை நீட்டினாள்.

"மொதல்ல தேங்காய மூடுங்க."