பரஸ்தானம் போன பார்சல்

சரக்குப் போக்குவரத்து வேலையில் முன்னேற என்னென்ன திறமைகள் வேண்டும் என்று இப்போது பத்திரிகையில் பட்டியல் போடுகிறார்கள். திட்டமிடுதல், பேச்சுத் திறன், கணினி அறிவு என்று நீள்கிறது. கணினி இல்லாத எழுபதுகளில் அந்த வேலையில் முன்னேறியவன் நான். பட்டியலில் விட்டுப்போனதைச் சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் பார்சல் அனுப்பும் குமாஸ்தாவாக இருந்தேன். புடவையை வெள்ளைத் துணியில் சுற்றித் தைத்து, மையால் விலாசம் எழுதி, லாரியில் ஏற்றிவிட வேண்டும். ஆறு மாதம் ஒரு பார்சல்கூடத் தவறாமல் போய்ச் சேர்ந்தால் வேலை நிரந்தரம், ஒன்று தவறினாலும் வீட்டுக்குப் போகலாம் என்பது முதலாளியின் ஏற்பாடு. ஐந்து மாதத்தை நல்லபடியாக ஓட்டியிருந்தேன். வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம்.

ஆறாவது மாதம் திருச்சிக்கு ஒரு முகூர்த்தப் புடவை போக வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குத் திருச்சி லாரி. அதை விட்டால் அடுத்தது திங்கட்கிழமைதான். இவ்வளவையும் யோசித்துத் திட்டமிட்ட நான், வியாழன் ஒன்றரை முதல் மூன்று வரை ராகு காலம் என்பதை மறந்துபோனேன். முதலாளி மறக்கவில்லை.

“முகூர்த்தப் புடவைபா. ராகு காலத்துல கடையை வுட்டுக் கிளம்பலாமா? காலையில பத்தே முக்காலுக்கு நல்ல நேரம் இருக்குது. எதிர் வூட்டுல பரஸ்தானம் வெச்சுடு” என்றார்.

கிளம்புகிற நேரம் சரியில்லை என்றால், முன்னதாகவே நல்ல நேரத்தில் மூட்டையை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவதுதான் பரஸ்தானம். அத்தோடு பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். லாரிக்குச் சக்கரம் எதற்கு என்று தோன்றும் அளவுக்கு வசதியான ஏற்பாடு. பத்தே முக்காலுக்குப் பார்சலைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தேன். எதிர் வீட்டு அம்மாள் பயபக்தியோடு வாங்கிப் பூஜை அறையில் வைத்தார். பார்சல் புறப்பட்டுவிட்டது என்று முதலாளி திருச்சிக்குத் தந்தியே கொடுத்துவிட்டார்.

இரண்டு மணிக்கு லாரி வந்து நின்றது. எதிர் வீட்டில் பூட்டு தொங்கியது.

பக்கத்து வீட்டில் விசாரித்தேன்.

“மருமவளுக்குக் கொழந்தை வேண்டிக்கினு திருப்புட்குழி கோயிலுக்குப் போயிருக்காங்கபா. வறுத்த பயறை மடியில கட்டிக்கினு ராத்திரி அங்கதான் படுக்கணும். காலையில மொளைச்சிருக்குதான்னு பாத்துட்டுத்தான் வருவாங்க” என்றார் அந்த வீட்டுப் பெரியவர்.

லாரிக்காரர் பத்து நிமிஷம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். முதலாளி சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் பின்னால் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைப் பொறுத்தவரை பார்சல் காலையிலேயே பாதி வழி போயிருக்கும்.

சைக்கிளை எடுத்துத் திருப்புட்குழிக்கு மிதித்தேன். குளக்கரையில் மருமகள் ஈரப் புடவையோடு நிற்க, அம்மாள் என்னைப் பார்த்ததும், “எதுக்குபா இப்படி மூச்சு வாங்குது? சாமி ரூம்ல பத்திரமா இருக்குது” என்று ஆறுதல் சொல்லிச் சாவியைக் கொடுத்தார். திரும்பி வந்து பூட்டைத் திறந்தேன். பார்சலின்மேல் இரண்டு சாமந்திப் பூ. விலாசத்தின்மேல் சந்தனப் பொட்டு.

மறுநாள் கடைக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டு, பார்சலை மடியில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து திருச்சிக்கு ரயில். சாயங்காலம் கல்யாண வீட்டைக் கண்டுபிடித்தேன். தந்தியை நம்பிய பெண்ணின் அப்பா, காலையிலிருந்து லாரி ஷெட்டில் காத்திருந்துவிட்டு அப்போதுதான் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். லாரி ஆபீஸ் ஆள் என்று சொல்லிப் பார்சலை நீட்டினேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதுவிட்டார். எனக்கும் அழுகை வந்தது. நான் அழுதது முழுக்க என் வேலையை நினைத்து.

அடுத்த வாரம் திருச்சியிலிருந்து கடிதம் வந்தது. புடவை கிடைத்தது, கல்யாணம் நன்றாக நடந்தது என்று எழுதியிருந்தார்கள். முதலாளி அதைக் கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பரஸ்தானம் வெச்சா எப்படிப் போய்ச் சேருது பாத்தியா? நீ காய்ச்சல்ல படுத்துக்கினு இருந்தே. உன்னாலயா போய்ச் சேந்துச்சு?”

அடுத்த பார்சலுக்கு வெள்ளைத் துணியை விரித்தேன்.

“இல்லீங்க முதலாளி” என்றேன்.

அந்த மாதக் கடைசியில் என்னை நிரந்தரம் ஆக்கினார்.