அண்ணி பார்த்த படம்

என் பெரியப்பா மகன் தையற்காரர். ஓய்ந்த நேரமெல்லாம் மேசைமேல் குட்டி ரயில் நிலையம் கட்டுவார். அவர் மகன் நிஜ ரயில் ஓட்டுகிறவன். மகனுடைய இன்ஜினைப் போலவே ஒன்று செய்து, செங்கல் பொடியைத் தேய்த்துத் துருவேற்றி, அதே நம்பரையும் எழுதினார். ஒருநாள் விபத்துக் காட்சி அமைக்கிறேன் என்று அந்த இன்ஜினைக் கவிழ்த்து, தண்டவாள மட்டத்தில் போனை வைத்துப் படம் எடுத்தார். ஒரு வார்த்தையும் எழுதாமல் அதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுத் தைக்கப் போய்விட்டார்.

சந்தையில் நின்ற அவர் மனைவி, என் அண்ணி, அதைப் பார்த்தார். மகனைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. பக்கத்திலிருந்த என் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"தம்பி, என் புள்ள வண்டி கவுந்து கிடக்குது!"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சக்கரத்தின்மேல் சக்கரம் அளவுக்கே ஓர் எறும்பு நின்றது.

"அண்ணி, இது உங்க வீட்டுக்காரர் வேலை. எறும்பைப் பாருங்க."

"எறும்பு கிடக்கட்டும். அவன் ஏன் போன் எடுக்கல?"

வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டான் என்பது இருவருக்கும் தெரியும். இருந்தும் உட்கார முடியவில்லை. சாயங்காலம் அவனே கூப்பிட்டான்.

"அப்பா என் வண்டியை நல்லாத்தான் கவுத்திருக்காரும்மா!"

அவன் சிரித்தான். அண்ணிக்கு அழுகைதான் வந்தது.