ஒரே தாம்பாளத்தில் மீன்சோறு

மொன்றியலிலிருந்து பதினான்கு பெண்கள் சேர்ந்து ஆப்பிரிக்காவில் டக்கார் நகரத்துக்குச் சுற்றுலா போனோம். பிரெஞ்சு பேசும் ஊர், வழிகேட்கப் பயமில்லை என்ற தைரியம்தான். எனக்கும் அக்காவுக்கும் ஒரே அறை. பதிவு செய்தபோது நாங்கள் கதைத்துக்கொண்டுதான் இருந்தோம். பிறகு அவளுடைய மகளின் கலியாணத்தில், "சாப்பாடு ஆக்களுக்குக் காணாது போல கிடக்கு" என்று நாலுபேர் கேட்கச் சொல்லித் தொலைத்தேன். ரொக்ஸ்பரோவில் அவள் வீட்டிலிருந்து நாளுக்கு மூன்று தரம் வந்த போன் அன்றோடு நின்றது. பயணத்தை விட்டுக்கொடுக்க மட்டும் இருவருக்கும் மனமில்லை. அவ்வளவு வீம்பு!

மூன்று நாள் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தோம், ஒரு சொல் இல்லை. குளியலறைக் கதவில் அவள் இரண்டு தட்டுத் தட்டினால் நான் வெளியே வரவேண்டும். சந்தையில் அவள் கிளிப்பச்சைத் துணியொன்றைத் தோளில் போட்டுப் பார்த்தாள். "சீ, உனக்கு எடுபடாது" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். எவ்வளவு அழகான கடல், எத்தனை நிறத்தில் பேருந்துகள்! அக்காவிடம் சொல்லிச் சிரிக்க முடியாமல் எதுவும் ருசிக்கவில்லை. இப்படியே வீடு திரும்பினால் இனி எப்போதுமே பேச்சிருக்காது என்று பயந்தேன்.

நான்காம் நாள் எங்கள் பேருந்து ஓட்டுநர் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். பாயில் வட்டமாக இருந்தோம். ஐந்து பேருக்கு ஒரு பெரிய தாம்பாளம்: சோறு, மரவள்ளி, முட்டைக்கோவா, நடுவில் மீன்.

"ஐயோ, எல்லாரும் ஒண்டிலயோ? எச்சில் எல்லோ!" என்று எங்கள் கூட்டத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

ஓட்டுநரின் மனைவி சிரித்தபடி காட்டித் தந்தாள். அவரவர் முன்னால் இருப்பது அவரவர் பங்கு. மீனை மட்டும் அவள் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் போடுவாள்.

என் பக்கம் விழுந்த துண்டு முழுக்க முள். ஐம்பத்திரண்டு வயதாகியும் எனக்கு ஒழுங்காக முள் எடுக்க வராது. விருந்துக்குப் போன வீட்டில் வேண்டாமென்று எப்படிச் சொல்வது? அதை இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டிருந்தேன்.

எதிரிலிருந்து அக்காவின் கை நீண்டது. துண்டை எடுத்தாள், ஒவ்வொரு முள்ளாகக் கழற்றினாள், வெறும் சதையை என் சோற்றின்மேல் வைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்கா, நான் அண்டைக்குக் கலியாணத்தில சொன்னது பிழை."

"எனக்குத் தெரியும். பேசாமத் தின்னடி, இன்னும் முள்ளுக் கிடக்கும்," என்று சொல்லிவிட்டு, அடுத்த துண்டையும் தன் பக்கம் இழுத்தாள்.