ஐஸ் எதுக்கு என்று தெரிந்தவர்

அப்பாவுக்கு டாக்டர் ரத்தம் எடுத்த அன்று அம்மா இருந்தாள், பெரியப்பா இருந்தார், நான் இருந்தேன். அக்கா இல்லை. அவள் கல்யாணமாகி பம்பாய்க்குப் போயிருந்தாள். ரயிலில் இரண்டு நாள் தூரம்.

அவனியாபுரத்தைத் தாண்டி எங்கள் ஊர். வயலில் குனிந்தால் நிமிர முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார் அப்பா. மூத்திரமும் சொட்டுச் சொட்டாகத்தான் போனது. அவனியாபுரத்து டாக்டர் சோதித்துவிட்டு, புராஸ்டேட் சுரப்பி பெருத்திருக்கிறது, வயசானால் வரும் வீக்கமாகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம் என்றார். நான் பசுமலையில் பி.எஸ்சி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அதனால் என்னைத் தனியே கூப்பிட்டு விளக்கினார்.

"ஆசிட் பாஸ்பட்டேஸ்னு ஒரு என்சைம் இருக்கு தம்பி. புத்து அந்தச் சுரப்பியத் தாண்டி எலும்புக்குப் போயிருந்தா ரத்தத்துல அது ஏறிக் காட்டும். ஆனா சூடு பட்டா அது செத்துப்போகும். இருக்கறதையும் இல்லேன்னு காட்டிரும். தல்லாகுளத்து லேபுக்கு ஐஸ்லயே போயிச் சேரணும்."

அன்று எனக்குக் கல்லூரியில் செய்முறைத் தேர்வு. ஐஸ் கம்பெனியில் நாலணாவுக்கு ஐஸ் வாங்கி உடைத்து, பிளாஸ்க்கில் போட்டு, நடுவில் ரத்தக் குப்பியைப் பதித்து, பெரியப்பாவிடம் கொடுத்தேன்.

"வழியில திறந்துறாதீங்க பெரியப்பா."

"குடுடா. நான் என்ன பச்சப்புள்ளையா?"

அளவு சரியாக இருப்பதாக முடிவு வந்தது. வெறும் வீக்கம்தான் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். அன்றிலிருந்து டீக்கடையில் நான் கேலிப்பொருள்.

"இந்தா, கெமிஸ்ட்ரி வாராரு. பெத்த அப்பனுக்கே புத்துநோய் வாங்கிக் குடுக்கப் பாத்த ஆளு" என்பார் பெரியப்பா.

"விடுங்கண்ணே, படிக்கிற பய, பயந்துட்டான்" என்று அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் சிரிப்பார்.

அடுத்த வருடம் தை அறுப்புக்கு அப்பாவால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. இந்தத் தடவை நானே பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். அளவு பல மடங்கு ஏறியிருந்தது. எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு முழுக்கப் பரவியிருந்தது.

டாக்டர் இரண்டு முடிவுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "போன தடவை ஐஸ்லதான போச்சு?"

பெரியப்பா தயங்கவே இல்லை. "அதெப்படிங்கய்யா? ஐஸ்ல வைக்கிறது பொணத்த. உசுரோட இருக்கிற என் தம்பி ரத்தத்தப் போயி ஐஸ்ல வைக்கலாமா? அந்த நாலணா ஐஸ பஸ் ஸ்டாப்புலயே கொட்டிட்டேன். சூடு ஆறிறக் கூடாதுன்னு குப்பிய மடியில கட்டிக் கொண்டுபோனேன்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அப்பவே தெரிஞ்சிருந்தா புத்துக்குன்னு இருக்கற மாத்திரையிலயே கொஞ்ச வருசம் இழுத்துப் பிடிச்சிருக்கலாம்."

பாசத்தில் செய்ததுதானே என்று ஊர் சொன்னது. அம்மாவும் அதையே சொன்னாள். பாசம்தான், நான் மறுக்கவில்லை. அந்தப் பாசம் என் அப்பாவை ஒரு வருடம் வலியோடு ஏர் பிடிக்க வைத்தது. டீக்கடையில் அவரையே சிரிக்கவும் வைத்தது. நான் பெரியப்பாவோடு சண்டை போடவில்லை. காத்திருந்தேன்.

சித்திரையில் அப்பா இறந்தார். அக்காவுக்குத் தந்தி போயிற்று. அவள் வரும்வரை இந்த வெயிலில் தாங்காது, ஐஸ் வைக்கணும் என்றார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் சைக்கிளை எடுத்தார். நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க இருங்கண்ணே. பெரியப்பா போகட்டும். ஐஸ் எதுக்குன்னு அவருக்குத்தான் நல்லாத் தெரியும்."

"வேணாம்டா" என்றாள் அம்மா. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மரத்தூள் ஒட்டிய கட்டிகளோடு மாட்டுவண்டியில் திரும்பினார். சாக்கைச் சுற்றித் தானே தூக்கி, தம்பியின் இரண்டு பக்கமும் அண்டக்கொடுத்தார். விரல்கள் விறைத்து மடங்க மறுத்தன. உதவப் போனவர்களை நான் பார்த்த பார்வையில் அவர்கள் நின்றுவிட்டார்கள்.

அவர் எழுந்ததும், எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன்:

"எம்புட்டு ஆச்சு, பெரியப்பா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வண்டிக்கூலியோட நாப்பத்திரண்டு ரூவா."