அந்தத் தலைவருக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று

எந்தத் தலைவருக்கு என்ன வயது என்று கேட்டாலும் யோசிக்காமல் சொல்லிவிடுவேன். இப்போதும் சொல்வேன். தில்லியில் ஆண்டவர்கள், ஆள ஆசைப்பட்டவர்கள், பதவியில் இருந்தபடியே இறந்தவர்கள், பதவி போன பிறகும் நெடுங்காலம் இருந்து தமக்குப் பின்னால் வந்தவர்களுக்கு இரங்கல் செய்தி சொன்னவர்கள் என்று எல்லாரும் பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டுமாக என் தலைக்குள் வரிசையாக நிற்கிறார்கள். கல்லூரியில் வரலாறு படித்தவன் நான். அந்தப் படிப்பில் என்னிடம் தங்கியது இது ஒன்றுதான். இதை வைத்து ஒரு மனிதரின் வேலையைப் போக்கினேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் இரும்பு வார்ப்படம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருந்தேன். மதியம் கேண்டீனில் எங்கள் மேசையில் தினமும் ஒரே விளையாட்டு. யாராவது ஒரு தலைவரின் பெயரைச் சொல்வார்கள், நான் வயதைச் சொல்ல வேண்டும். செய்தித்தாளைக் கொண்டுவந்து சரிபார்ப்பார்கள். ஒருமுறைகூட நான் தோற்றதில்லை.

“அவருக்கு எழுவத்தி ரெண்டா? நம்மள அம்பத்தெட்டுல ஊட்டுக்கு அனுப்பிடறானுங்கோ. அங்க எழுவதுலதான் மாமே வேலைக்கே சேத்துக்கறாங்க” என்பான் லேத் பிரிவில் இருந்த ஒருவன்.

“அவங்க துன்ற சோறு வேற, நாம துன்ற சோறு வேற. இந்த சாம்பார துன்னுட்டு அம்பத்தெட்டு வரைக்கும் கீறதே பெருசு.”

இப்படிச் சொன்னவர் மண்ணில் அச்சு எடுக்கும் வேலையில் இருந்த ஒரு பெரியவர். எல்லாருக்கும் அவர் அண்ணாத்தே. வெள்ளானூர்க்காரர். தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் உழைத்த குடும்பம், கம்பெனி தொடங்கியதும் இங்கே வந்துவிட்டது. குவார்ட்டர்ஸில் என் வீட்டுக்கு அடுத்த வரிசையில் மனைவியோடும் கடைசி மகளோடும் இருந்தார். அந்தப் பெண் பள்ளி இறுதி வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் பயிற்சி முடித்து ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவள் விருப்பம். அதற்கு மேலாக அவருடைய விருப்பம்.

அவருக்குப் பிறந்த தேதி கிடையாது. வேலையில் சேர்ந்த அன்று கம்பெனி டாக்டர் பல்லைப் பார்த்து, தோளை அழுத்திப் பார்த்து ஒரு வயதை எழுதினார். அவர் பிரிவில் பாதிப் பேர் இப்படித்தான், காகிதத்தில் எல்லாரும் ஜூலை முதல் தேதி பிறந்தவர்கள். அந்தக் கணக்கில் அவருக்கு ஐம்பத்திரண்டு. இன்னும் ஆறு ஆண்டு வேலை இருந்தது.

ஒரு நாள் அவரே வாயைக் கொடுத்தார். “தில்லிக்காரன் வயசெல்லாம் சொல்றியே நைனா, என் வயச சொல்லு பாப்போம்.”

“ஏதாவது ஒரு துப்பு கொடுங்கண்ணே.”

“எங்கம்மா பொங்கலுக்குப் பொங்கல் செவுத்துல எனக்கு ஒரு கரிக்கோடு போடும். பதினாறாவது கோடு போட்ட வருசம் மழைல செவுரு வுழுந்துடுச்சி. அத்தோட கோடும் போச்சு, என் வயசும் போச்சு. அந்த வருசந்தான் அந்த வடநாட்டுத் தலைவரு ரயில்ல மெட்ராசுக்குப் போனாரு. ஆவடில வண்டி நின்னப்போ கதவாண்ட வந்து கும்புட்டாரு. தல பஞ்சு கணக்கா வெள்ளையா கீது. நான் தூணு மேல ஏறிக்கினு பாத்தேன்.”

எனக்கு அது போதுமாக இருந்தது. அந்தத் தலைவர் சென்னைக்கு ரயிலில் வந்த ஆண்டை நான் அறிவேன். அதிலிருந்து பதினாறைக் கழித்தேன். “உங்களுக்கு ஐம்பத்தொன்பது அண்ணே. போன வருஷமே உங்களுக்கு மாலை போட்டு அனுப்பியிருக்கணும்.”

மேசையே சிரித்தது. அவரும் சிரித்தார். “வாய மூடிக்கினு துன்னு நைனா. செவுத்துக்கும் காது கீது.”

அவர் சொன்னது சரியாகப் போயிற்று. ஒரு மாதத்துக்குள் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. யார் போட்டது என்று இன்றுவரை தெரியாது. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, கேண்டீனில் இப்படிச் சொன்னாயா என்று கேட்டார். சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். நான் அந்தத் தலைவர் பிறந்ததிலிருந்து தொடங்கினேன். எந்த வயதில் அரசியலுக்கு வந்தார், எந்த வயதில் தெற்கே வந்தார், வெள்ளானூர்ப் பையனுக்கு அன்று பதினாறு என்றால் இன்று என்ன என்று பாடம் நடத்தினேன். மேலாளர் தலையசைத்துக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

வயதுக்குச் சான்று கொண்டுவர அவருக்குக் கெடு கொடுத்தார்கள். விழுந்த சுவரை எங்கே போய்க் கொண்டுவருவார்? அன்று மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“வெளையாட்டுக்கு சொன்னேன்னு போய் சொல்லிடு நைனா. பொண்ணு டிரெயினிங் முடிக்கிற வரைக்கும் வேலை இருந்தா போதும். அப்புறம் நானே போய்டறேன்.”

“கணக்கு சரியா இருக்கும்போது எப்படிண்ணே பொய் சொல்றது?”

“நீ படிச்சவன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு நகரத்து நூலகத்துக்குப் போனேன். அவருக்கு உதவ அல்ல. மேலாளர் மறுபடி கேட்டால் புத்தகத்தின் பக்கத்தையே சொல்லலாம் என்று போனேன். அந்தத் தலைவரின் வாழ்க்கை வரலாற்றில் முதல் தென்னாட்டுப் பயணத்தின் படம் இருந்தது. ரயில் கதவருகே நிற்கிறார். வயது நாற்பத்தாறு. தலை கருகருவென்று இருந்தது.

பக்கங்களைப் புரட்டினேன். பிறகு சிறை. வெளியே வந்தபோது தலை முழுக்க வெளுத்துவிட்டது. ஏழு ஆண்டுகள் கழித்து மறுபடி சென்னைக்கு ரயிலில் வந்திருக்கிறார், ஐம்பத்து மூன்று வயதில். அண்ணாத்தே தூணில் ஏறிப் பார்த்தது அந்தத் தலையைத்தான். என் ஐம்பத்தொன்பதில் அந்த ஏழு போனால் ஐம்பத்திரண்டு, டாக்டர் பல்லைப் பார்த்து எழுதிய வயது சரி. பஞ்சு போலத் தலை என்று அவர் சொன்னபோது, தலைவர்களின் வயதை மனப்பாடமாக வைத்திருந்த நான், கழித்தல் கணக்கில் மும்முரமாக இருந்தேன்.

கெடு முடிய இன்னும் நாள் இருந்தது. நான் மேலாளரிடம் போகவில்லை. இதற்குப் பல காரணங்களை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மையான காரணம் ஒன்றுதான். அந்த மேசையில் நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது.

அவரை அனுப்பிவிட்டார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வெள்ளானூருக்குப் போனார்கள். கேண்டீன் விளையாட்டு நிற்கவில்லை. அதை நானும் நிறுத்தவில்லை.

எண்பதைத் தாண்டிய ஒருவர் தில்லியில் பதவியேற்ற ஆண்டு, மேசையில் ஒரே கேலி. “நம்ம அண்ணாத்தேய அனுப்பிட்டு இவர சேத்துக்கினாங்கோ பாரு” என்றான் லேத் பிரிவுக்காரன். எல்லாரும் சிரித்தார்கள். கம்பெனிக் கணக்குப்படி, அதாவது சரியான கணக்குப்படி, அன்றும் அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்க வேண்டும். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனேன்.

அந்த வாரக் கடைசியில் ஆவடிக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து வெள்ளானூருக்கு நடந்தேன். வீட்டுக்கு முன்னால் கீற்று முடைந்துகொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நூலகம், கறுத்த தலை, வெளுத்த தலை, நான் பேசாமல் இருந்தது.

அவர் கை நிற்கவில்லை. “எப்போ தெரிஞ்சிது உனக்கு?”

“கெடு முடியறதுக்கு முன்னாலயே.”

கை நின்றது. “தெரியாம பண்ணிட்டான்னுதான் இத்தினி நாளு ஊட்டுல சொல்லிக்கினு இருந்தேன். படிச்ச புள்ள, கணக்குல தப்பாயிட்சின்னு.” கீற்றைத் தள்ளி வைத்தார். “கெளம்பு நைனா. பொண்ணு வேலைலேர்ந்து வர்ற நேரம். இத அவளாண்ட சொல்லாதே. கம்பெனிக்காரன்தான் கெடுத்தான்னு நெனைச்சிக்கினு கீறா. அப்பிடியே இருக்கட்டும்.”

ஏரிக்கரையில் அவள் எதிரே வந்தாள். அம்பத்தூரில் ஏதோ ஒரு பட்டறையில் பெட்டியில் சாமான் அடுக்கும் வேலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். கையில் சாப்பாட்டுத் தூக்கு. என்னை அடையாளம் கண்டு சிரித்தாள்.

“அப்பாவ பாக்க வந்தீங்களா அண்ணா? எங்கள யாருமே வந்து பாக்கறதில்ல. டீ போடறேன், வாங்க.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.