முகம் வரையாத கூட்டம்

மலாயா அவசரகாலச் சோதனைக்காக சோல்ஜர்கள் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்குள் வந்தபோது வீட்டில் அப்பாவும் நானும் பக்கத்து வீட்டு மாமாவும் இருந்தோம். சுவரில் தொங்கிய கல்லச்சுப் படத்தை எனக்குக் கொடுத்த வாத்தியார் இல்லை. முந்தின வாரம்தான் கம்யூனிஸ்ட் என்று அவரைப் பிடித்துப் போயிருந்தார்கள்.

படத்தில் ஏதோ ஒரு நகரத்து நினைவுத்தூண். அதைச் சுற்றிக் காய் விற்பவர்கள், சைக்கிளில் போகிறவர்கள். ஒருவருக்கும் முகம் வரையவில்லை.

“இது என்ன கூட்டம்?” என்று அதிகாரி மலாயில் கேட்டார்.

“பசார்தான், துவான்,” என்றார் அப்பா.

“ஏன் முகமில்லை?”

மாமா என் காதருகே முணுமுணுத்தார்: “இருந்தா அவனுங்களயும் லோரியில ஏத்திருவாங்கல்ல.”

“படம் யாருடையது?”

நான் வாயெடுப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். “என்னோடது, துவான்.”

அப்பாவை ஏற்றிக்கொண்டு லோரி புறப்பட்டது. அவரை மீட்க, எங்களிடமிருந்த இரண்டு மாடுகளையும் விற்று வக்கீலுக்குக் கொடுத்த பணம் முந்நூறு வெள்ளி.